தலை வெட்டுகிற கோயில் எங்கேயும் இல்லை

எங்கள் ராசிங்காபுரத்தில் இந்தக் கதை ஓய்ந்தபாடில்லை. “ஃப்ரீமேசன் லாட்ஜுக்குள்ள போனா தலையை வெட்டி, மந்திரம் போட்டு மறுபடி ஒட்டிருவாங்களாம் சார்!” ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவர்களும் சொல்கிறார்கள், போடியில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளும் சொல்கிறார்கள். ஃப்ரீமேசன் என்பது ரகசியச் சடங்குகள் உள்ள ஒரு சகோதர அமைப்பு, அவர்கள் கூடும் இடம்தான் லாட்ஜ். பாட்டிமார் வாயில் இருந்த கதை இப்போது வாட்ஸ்அப்பில் சிவப்பு எழுத்தில் வருகிறது. வரலாறு சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் கேட்கிறேன்: வெட்டுப்பட்ட ஒரே ஒரு தலையையாவது எவராவது காட்டியதுண்டா?

கதை பழசுதான். வெள்ளைக்காரர் காலத்து ஹாப்சன்-ஜாப்சன் அகராதியே, தமிழ்நாட்டுப் பக்கம் லாட்ஜைத் ‘தலைவெட்டிக் கோயில்’ என்று சொல்வதாகக் குறித்திருக்கிறது. பழசு என்பதற்காக உண்மையாகிவிடுமா?

இது முளைத்த இடம் லாட்ஜின் சடங்காகத்தான் இருக்க வேண்டும் என்பது என் முடிவு. முதல் படியில் சேருகிறவர் ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்கிறார். மீறினால் கழுத்து அறுபடட்டும் என்பது பழைய சத்திய வாசகம். அதற்கு அடையாளமாகக் கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுக்கும் சைகை உண்டு. மூன்றாம் படியில் ஒரு நாடகமே நடக்கும். சாலமோன் ஆலயத்தைக் கட்டிய ஹிராம் என்ற தலைமைச் சிற்பி, ரகசியத்தைச் சொல்ல மறுத்ததால் மூன்று வேலையாட்கள் கையால் சாகிறார். புதிதாகச் சேருகிறவர்தான் ஹிராம். அவரைக் கீழே சாய்த்துப் பிறகு கைகொடுத்துத் தூக்கி நிறுத்துவார்கள். மண்டையோட்டுச் சின்னமும் அங்கே இருக்கும். இதை அரைகுறையாகப் பார்த்த எடுபிடி ஆள் வெளியே வந்து வேறென்ன சொல்லியிருப்பான்? இரணியன் நாடகத்தில் வயிற்றைக் கிழித்தார்கள் என்று நரசிம்மர் வேஷக்காரர்மேல் யாராவது கேஸ் போடுவார்களா? அந்தக் கழுத்தறுப்பு வாசகத்தையும் 1986-லேயே இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் என்ற தலைமை அமைப்பு சத்தியத்திலிருந்து எடுத்துவிட்டது.

லாட்ஜில் சாத்தானைக் கும்பிடுகிறார்கள் என்ற இன்னொரு வதந்தி பாரிஸில் தயாரான சரக்கு. லியோ டாக்ஸில் என்ற எழுத்தாளர் வருஷக்கணக்கில் இந்தக் கதையைப் புத்தகமாக விற்றார். கடைசியில், 1897 ஏப்ரலில் மேடையேறி, அத்தனையும் தன் கற்பனை என்று அவரே அறிவித்தார்.

வெள்ளைக்காரன் மதம் என்பதும் தப்பு. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770-களிலேயே திருச்சியில் சேர்ந்தவர். விவேகானந்தர் 1884-ல் கல்கத்தாவில் சேர்ந்தார். இந்திய லாட்ஜுகளில் கீதை, குர்ஆன், பைபிள் எல்லாம் சேர்ந்தே இருக்கும். 1961-லிருந்து இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜ் இயங்குகிறது.

பெண்களைச் சேர்ப்பதில்லை என்பது மட்டும் நிஜம். குறை சொல்வதென்றால் அதைச் சொல்லுங்கள். அன்னி பெசன்ட் இருபாலாரும் சேரும் வேறொரு பிரிவில்தான் இருந்தார்.

ஒரு வதந்திக்கு இவ்வளவு கோபமா என்கிறார்கள். 2018 மே மாதம் போளூர் பக்கம், கோயிலுக்குப் போன ஒரு சென்னை மூதாட்டி குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று ஊரே கூடி அடித்துக் கொன்றது. அதுவும் வாட்ஸ்அப்பில் பரவிய கதைதான்.

லாட்ஜ்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சடங்கு உங்களோடு இருக்கட்டும். வருஷத்தில் ஒரு நாளாவது கட்டிடத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். ஆசிரியர்களே, சென்னைச் சுற்றுலா என்றால் வண்டலூரும் மெரினாவும் மட்டும்தானா? எழும்பூரில் 1920-களில் கட்டிய ஃப்ரீமேசன்ஸ் ஹால் இருக்கிறது. முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள். கிடைத்தால் பிள்ளைகளை உள்ளே அழைத்துப்போய்க் காட்டுங்கள்.