கடைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்: விகிதம்

மாலை வேளையில் நமது கடைகளில் ஒரு காட்சியைக் காணலாம். அப்பா கல்லாவில் இருப்பார். பள்ளி விட்டு வந்த பிள்ளை அரிசி மூடை மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். ஆறாம் வகுப்பில் விகிதமும் விகித சமமும் வந்துவிட்டால் எழுத்து நின்றுவிடும். அப்பாவைக் கேட்டால் விடையை மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். அது வந்த வழியைக் கேட்டால் விழிப்பார். வழி தெரியாததால் கடையில் நமக்கும் நட்டம் வருவதுண்டு.

வழி ஒன்றுதான். மொத்தம் எத்தனை பங்கு, ஒரு பங்கு எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும்.

காப்பித்தூளையே எடுத்துக்கொள்வோம். காப்பியும் சிக்கரியும் 4-க்கு 1 என்று கலக்கச் சொல்கிறோம். கடைப் பையன் 4-க்கு 1 என்றால் கால் பாகம் என்று நினைத்து, 10 கிலோ கலவையில் இரண்டரைக் கிலோ சிக்கரி போட்டுவிடுகிறான். பள்ளியில் பிள்ளை செய்யும் தவறும் இதேதான். 4-ம் 1-ம் சேர்ந்து 5 பங்கு. 10 கிலோவை 5-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 2 கிலோ. ஆகவே சிக்கரி 2 கிலோ, காப்பி 8 கிலோ. அரைக் கிலோ வித்தியாசம்தானே என்று விட்டுவிட முடியாது. காப்பி-சிக்கரி கலவைப் பொட்டலத்தின் மேல் இரண்டின் சதவீதத்தையும் போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. 80 என்று அச்சிட்டு உள்ளே 75 இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர், பையன் அல்ல. அதே விதிப்படி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. எனவே 'பாதிக்குப் பாதி' என்று வாய்வழக்கில் கலப்பதும் ஒரு சதவீதத்தால் தவறிப்போகிறது!

அடுத்தது வண்டி வாடகை. கீழமாசி வீதியில் சரக்கெடுத்து, மேலூர்க் கடைக்காரர் இருவர் ஒரே வண்டியில் ஏற்றுகிறார்கள். ஒருவருக்கு 50 கிலோ மூடை 12. மற்றவருக்கு 25 கிலோ சிப்பம் 12. வாடகை 900 ரூபாய். உருப்படியை எண்ணினால் ஆளுக்கு 450. எடையைப் பார்த்தால் 600 கிலோவுக்கு 300 கிலோ, அதாவது 2-க்கு 1. மூன்று பங்கில் ஒரு பங்கு 300 ரூபாய். முதலாமவர் 600, இரண்டாமவர் 300 தர வேண்டும். விகிதம் போடுமுன் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். (பொரி மூடை ஏற்றுகிறவரிடம் எடைக் கணக்கு பேசினால் அவருக்கு ஒரே கொண்டாட்டம். அங்கே இடத்தைத்தான் அளக்க வேண்டும்.)

ஆட்கள் கூடினால் நேரம் குறையும் கணக்கு வேறு வகை. 4 பேர் 6 மணி நேரத்தில் கட்டும் பொட்டலங்களை 3 பேர் கட்ட 8 மணி நேரமாகும். இங்கே வகுக்குமுன் பெருக்க வேண்டும்: 4-ஐ 6-ஆல் பெருக்கினால் 24.

கூட்டு வியாபாரத்தில்தான் பள்ளிக் கணக்கை அப்படியே நம்பக்கூடாது. ஒருவர் 2 லட்சம், ஒருவர் 3 லட்சம் முதல் போட்டார்கள். லாபம் ஒரு லட்சம். பள்ளி விடை 40,000, 60,000. புத்தகத்தில் அது சரி. ஆனால் 1932-ம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13-ம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது லாபமும் நட்டமும் கூட்டாளிகளுக்குச் சமபங்கு என்கிறது. முதல் எவ்வளவு என்று அது கேட்பதில்லை. ஆக ஆளுக்கு 50,000. கூடுதல் முதல் போட்டவருக்கு 10,000 போயிற்று. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று வாய்ப்பேச்சில் கடை தொடங்குகிறவர்கள், 2-க்கு 3 என்பதைப் பத்திரத்தில் எழுதிக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி, வீட்டில் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு கணக்கு. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் 4-க்கு 1. இரண்டும் சேர்த்து மூன்றரைக் கிலோ வேண்டும் என்று ஒரு அம்மா கேட்கிறார். உளுந்து எவ்வளவு நிறுப்பது? 875 கிராம் என்று பிள்ளை சொன்னால் காப்பித்தூள் கணக்கை மறுபடி காட்டுங்கள். விடை 700 கிராம்.