சிவப்புக் கார்டும் குடியுரிமை மனுவும்

நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் சுதந்திரத்திற்கு முன் பிறந்தும், சிவப்பு அடையாளக் கார்டுடனேயே முதுமை எய்தியோர் உளர். நிரந்தரவாசி என்னும் தகுதி இங்குத் தங்கும் உரிமையைத் தரும், வாக்குரிமையைத் தராது. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதோர் வேலை பெர்மிட் பெறவேண்டுமென விதித்தபின், தோட்டத் தொழிலாளர் பலர் இந்தியாவுக்குக் கப்பலேற நேர்ந்தது. பத்திரத்தின் அருமையை அந்நிகழ்ச்சி உணர்த்தும்.

கூட்டரசு அரசியலமைப்பின் 16-ஆவது விதி, 31-8-1957-க்கு முன் இங்குப் பிறந்தவர் குடியுரிமை கோர வழி செய்கிறது. மனுவுக்கு முந்திய 7 ஆண்டுகளில் 5 ஆண்டுகளேனும் இந்நாட்டில் வசித்திருத்தல், இங்கேயே நிலைத்து வாழும் எண்ணம், நன்னடத்தை, எளிய மலாய்மொழி அறிவு ஆகியவை வேண்டும். தமிழகத்தில் பிறந்து இங்கு வந்தோருக்கு 19-ஆவது விதி பொருந்தும். அதற்கு 12 ஆண்டுகளில் 10 ஆண்டு வாசமும், போதிய மலாய்மொழி அறிவும் தேவை.

ஆகவே, பிறந்த இடத்தை மெய்ப்பிப்பதே முதற்பணி. பிறப்புப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். பெயரின் எழுத்து அதிலும் கார்டிலும் வேறுபட்டால், மறைக்காமல் சிரம்பான் பதிவிலாகாவில் கூறித் தீர்வு கேளுங்கள். அசல் பத்திரங்களை இடைத்தரகரிடம் ஒப்படைக்க வேண்டா. மனுக் கொடுத்ததற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். எழுதப் படிக்க அறியாத மூத்தோருக்குப் பாரத்தை நிரப்பித் தந்து, உடன் சென்று வருவது பிள்ளைகளின் கடமையாகும்.