பழைய சரக்குக்குக் கண்டெய்னர் ஆகாது

ஒரே சர்வரில் பல விஎம்களையும் (மெய்நிகர் கணினி) கண்டெய்னர்களையும் ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸில் புது வெர்ஷன் வந்தால் எல்லோரும் 'என்ன புதுசு' பட்டியலுக்குத்தான் ஓடுவார்கள். நான் நேராகக் கீழே இறங்கி 'தெரிந்த சிக்கல்கள்' பகுதியைப் படிப்பேன். இந்தப் புத்தி ஓசியில் வரவில்லை. எங்கள் பில்லிங் படுத்து, கடைப் பையன்கள் கையால் ரசீது எழுதிய பிறகு வந்தது.

வியன்னாவில் இருக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ்காரர்கள் 2021 ஜூலையில் 7.0 வெளியிட்டார்கள். எங்களுக்கு சர்வர் அமைத்துக் கொடுத்த ஆலோசகர் பில்லிங் மென்பொருளை சென்ட்ஓஎஸ் 7 கண்டெய்னரில் போட்டு வைத்திருந்தார். "விஎம் எதுக்கு சார், ராம் சும்மா வீணாப் போகும். கண்டெய்னர்னா பஞ்சு மாதிரி லேசா ஓடும்" என்பார். விஎம்தான் வேண்டும் என்று நான் அப்போதே மெயில் போட்டிருக்கிறேன். அந்த மெயிலை இன்னும் அழிக்கவில்லை.

ஓர் இரவு அவரே 7.0-க்கு ஏற்றிவிட்டு, "எல்லாம் ஓகே சார்" என்று செய்தி அனுப்பினார். காலையில் திரையைப் பார்த்தால் கண்டெய்னருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு, ஓடிக்கொண்டிருப்பதாகவே காட்டியது. கன்சோலைத் திறந்தால் கறுப்பு. என்டர் தட்டினாலும் ஒன்றும் வரவில்லை. பிங் போகவில்லை. சிபியு கிட்டத்தட்ட பூஜ்யம். அவரோ நெட்வொர்க் கேபிளைக் கழற்றி மாட்டச் சொன்னார், பிறகு சுவிட்சை மாற்றச் சொன்னார். கடைசியில் நானே கண்டெய்னரை டீபக் முறையில் கிளப்பிப் பார்த்தேன். சிகுரூப்பை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று சொல்லிவிட்டு சிஸ்டம்டி அங்கேயே உறைந்து நின்றது. கேபிளுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

விஎம்முக்குச் சொந்தமாக ஒரு கெர்னல் உண்டு. கண்டெய்னர் சர்வரின் கெர்னலிலேயே ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது. வீட்டுக்காரர் மின்சார லைனை மாற்றினால் நம் பழைய ஃபிரிட்ஜும் சேர்ந்துதான் அடிவாங்கும். எந்தச் செயலிக்கு எவ்வளவு சிபியு, எவ்வளவு மெமரி என்று பங்கிடும் வேலை சிகுரூப்புடையது. 7.0 அதன் இரண்டாம் பதிப்புக்கு முழுசாக மாறிவிட்டது. அதைப் புரிந்துகொள்ள கண்டெய்னருக்குள் குறைந்தது சிஸ்டம்டி 231 வேண்டும். சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது 219. இதெல்லாம் மேம்படுத்தும் வழிகாட்டியிலேயே எழுதியிருந்தது. காசு வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவர் அதைப் படித்திருக்க வேண்டுமா இல்லையா?

அன்றைக்கு உடனடி மருந்து, கெர்னல் கட்டளை வரியில் பழைய சிகுரூப் முறையைத் திருப்பிக் கொண்டுவரும் ஒரு அமைப்பைச் சேர்த்து ரீபூட் செய்ததுதான். பில்லிங் எழுந்துவிட்டது. "பார்த்தீங்களா, சரியாயிடுச்சு" என்றார் ஆலோசகர். நான் விடவில்லை. புதிதாக ஒரு விஎம் உருவாக்கி, டேட்டாவை ஆர்சிங்க் போட்டு நகர்த்தினேன். கண்டெய்னரை விஎம்மாக மாற்றும் பட்டன் எதுவும் கிடையாது, கையால்தான் செய்ய வேண்டும். வீண் வேலை என்று முதலாளியிடம் போய்ச் சொன்னார்களாம். 2025 ஆகஸ்டில் 9.0 வந்தபோது பழைய சிகுரூப் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். அந்த மருந்து இப்போது வேலை செய்யாது. எங்கள் பில்லிங் விஎம் மட்டும் இன்றும் ஓடுகிறது.

கண்டெய்னர் இப்படி அடிவாங்குவது இது முதல் தடவையும் அல்ல. 2008-இல் 1.0 வந்தபோது கண்டெய்னர் என்றால் ஓப்பன்விஇசட். அதற்குத் தனியாகத் திருத்திய கெர்னல் வேண்டும். அதனால் 3 வரிசை வெகுகாலம் 2.6.32 கெர்னலைக் கட்டிக்கொண்டு அழுதது. 2015 அக்டோபரில் 4.0 வந்ததும் ஓப்பன்விஇசட் போய் எல்எக்ஸ்சி வந்தது. கண்டெய்னர் வைத்திருந்தவர்கள் ஒவ்வொன்றையும் பேக்கப் எடுத்துப் புதிதாக ரீஸ்டோர் செய்தார்கள். கேவிஎம் விஎம் வைத்திருந்தவர்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. ப்ராக்ஸ்மாக்ஸ் வளர வளர அடிபடுவது கண்டெய்னர்தான் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். பிராட்காம் 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கி நிரந்தர லைசென்ஸை நிறுத்தியதும் இந்தப் பக்கம் நிறையப் பேர் வந்தார்கள். 2024-இல் வந்த இறக்குமதிக் கருவி இஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து விஎம்களை அப்படியே கொண்டுவந்தது. அவர்கள் கையில் இருந்ததெல்லாம் விஎம், அதனால் பிழைத்தார்கள்.

உங்கள் அலுவலகத்திலும் ஒரு மூலையில் இப்படி ஒரு பழைய மென்பொருள் இருக்கத்தான் செய்யும். அதை விஎம்முக்கு மாற்றிவிடுங்கள். தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி நிமிடத்தில் உருவாக்கக்கூடிய டிஎன்எஸ், ப்ராக்ஸி போன்றவற்றைக் கண்டெய்னரில் வையுங்கள்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பேக்கப் எடுங்கள், அதை ஒரு தடவை ரீஸ்டோர் செய்தும் பாருங்கள். ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் ஒரு சரிபார்ப்பு ஸ்கிரிப்ட் கூடவே வருகிறது, அதை ஓட்டுங்கள். எங்கள் ஆலோசகர் ஓட்டவில்லை. ஆப்ட் அப்கிரேடு போதாது, டிஸ்ட்-அப்கிரேடு கொடுங்கள். இரண்டே நோடு உள்ள கிளஸ்டரில் ஒன்று படுத்தால் கோரம் போய்விடும், மூன்றாவது ஓட்டுக்கு க்யூடிவைஸ் வையுங்கள். புள்ளி பூஜ்யம் வெளியான அன்றே ஏற்ற வேண்டாம். புது வரிசை வந்த பிறகும் பழைய வரிசைக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆதரவு தருகிறார்கள், யாரும் துரத்தவில்லை.

2025 நவம்பரில் வந்த 9.1-இல் டாக்கர் பாணி ஓசிஐ இமேஜிலிருந்தே நேராக எல்எக்ஸ்சி கண்டெய்னர் உருவாக்கலாம். நல்ல வசதிதான், ஆனால் வெளியானபோது சோதனை நிலையில்தான் இருந்தது. அது வந்த வாரமே அதே ஆலோசகர் போன் செய்தார்: "சார், பில்லிங்கையும் இதுக்கே மாத்திடலாமா? ராம் மிச்சமாகும்." ராம் வாங்கிக்கொள்கிறோம், நீங்கள் போனை வையுங்கள் என்றேன்.