சூலக்கல்லும் பன்மாகேசுவரர் காப்பும்

தொண்டைநன்னாட்டு ஊர்ப்புறங்களில் சூலம் பொறித்த கற்கள் ஆங்காங்குக் காணப்படுகின்றன. இவை பேய் முதலிய தீங்குகளை விலக்குவனவென்று கருதி, மஞ்சளும் குங்குமமும் இட்டு வழிபடுவாரும் உளர். இவற்றின் உண்மை யாதென ஈண்டு ஆராய்வாம்.

சிவாலயங்கட்குத் தேவதானமாக விடப்பட்ட நிலத்தெல்லையிற் சூலக்கல்லும், திருமால் கோயில் நிலத்தெல்லையில் திருவாழிக்கல்லும் நாட்டுதல் பண்டை வழக்கமென்பது கல்வெட்டுக்களால் இனிது விளங்கும். ஆகலின், இச்சூலம் விலக்கக் கருதிய தீங்குகளுள் தலையாயது சிவன்சொத்தைக் கவரும் மக்களது அவாவேயாம்.

அற்றேல், கல் சடமாகலானும், சடம் தானே தொழிற்படாதென்பது சித்தாந்தமாகலானும், அது காக்குமாறு யாங்ஙனமெனின், அதற்கு விடை சாசனங்களிலேயே உளது. சிவாலயச் சாசனங்கள் பல ‘இது பன்மாகேசுவரர் இரட்சை’ என முடிகின்றன. சூலம் குறி, காவலர் அடியார் திருக்கூட்டத்தினர். அறத்தை அழித்தார் கங்கைக்கும் குமரிக்கும் இடைப்பட்டார் செய்த பாவமெல்லாம் எய்துவரென அச்சுறுத்தியதோடு அமையாது, பின்னாளில் அதனைக் காப்பார் திருவடி தம் தலைமேலனவென்று கொடுத்தோர் பணிந்தமையும் காண்க. அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுமாறு பணிக்கும் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரக் கருத்துக்கு இஃது இயைந்ததேயாம். ஆலயத்தின் உடைமையை அடியார் காக்குங்கால் அவர்பால் நின்று காப்பது திருவருளே.

அறங்காத்தல் காப்பாரது ஒழுக்கத்தைப் பற்றியதென்பதை ஊராட்சியிலும் நம் முன்னோர் போற்றினர். காஞ்சி மாவட்டத்து உத்தரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயிற்சுவரில் முதற் பராந்தகனது 14-ஆம் ஆட்சியாண்டுச் சாசனம், கி.பி. 921-க்குரியது, இன்றும் உளது. ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்னும் மங்கலச்சொல்லால் தொடங்கும் அது, வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதாரையும் அவர்தம் உறவினரையும், பிறர்பொருள் கவர்ந்தாரையும் குடவோலைக்கு ஆகாரென விலக்குகின்றது. மங்கலச்சொல் முன்னிற்பினும், அதனை நம்பிக் கணக்குக் கேளாது விட்டாரல்லர் அச்சபையார்.

சூலக்கல்லுக்கு மஞ்சள் பூசி வணங்குதலை யாம் இகழ்கின்றிலம். பூசிய கையே அதன் எழுத்தைச் சுண்ணத்தால் மறைப்பதும், அது காட்டும் எல்லையைக் கவர்வார்க்கு இடங்கொடுப்பதும் ஆயின், அவ்வணக்கத்தாற் பயனென்னை? தத்தம் ஊர்க் கற்களைப் பெயர்க்காது நிறுத்தி, எழுத்துக்களைப் படித்து, அவை குறிக்கும் நிலம் இன்று யார் கையிலுளதென வினாவுதல் மடாலயத்தார்க்கும் சைவ நன்மக்கட்கும் கடனாம். பன்மாகேசுவரர் என்னுஞ் சொல் நம்மையே சுட்டுகின்றது. அக்கடன் ஆற்றுவார் திருவடி எம் தலைமேலன.

திருச்சிற்றம்பலம்.