கூட்டு அபிவிருத்திக் கருத்திட்டங்கள்: நிதி வழங்குவோரும் கண்காணிப்போரும்

(குடியியற் கல்வி – க.பொ.த. சாதாரண தரம்)

“அபிவிருத்திக் கருத்திட்டமொன்றுக்குப் பொறுப்பானவர் யார்?” என வினவப்படும்போது பலர் “அரசாங்கம்” என ஒரே சொல்லில் எழுதிவிடுகின்றனர். அதற்குப் புள்ளி கிடைப்பது அரிது. அரசாங்கம் என்பது ஒரு கை அன்று. பணம் தருவது ஒரு கை, செலவிடுவது இன்னொரு கை, கணக்குக் கேட்பது மற்றொரு கை. இம்மூன்றும் ஒரே கையாக இருந்தால் கணக்குக் கேட்பதற்கு ஆள் இராது.

இதனை நமக்குத் தெரிந்த ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்வோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. சுண்ணக்கல் படையிலுள்ள நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறோம். கொழும்புத்துறை போன்ற கடனீரேரிக் கரையோரத்தில் வசிப்போருக்குக் கிணற்று நீர் உவராவதைப் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை. இக்குறையைத் தீர்க்க உருவானதே யாழ்ப்பாணம் – கிளிநொச்சி நீர்வழங்கல் கருத்திட்டம்.

நிதி

இக்கருத்திட்டத்துக்கு 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கி 9 கோடி அமெரிக்க டொலர் கடனை அங்கீகரித்தது. பிரெஞ்சு அபிவிருத்தி முகவரகமும் இணைந்து நிதி வழங்கியது. இலங்கை அரசும் தன் பங்கை இட்டது. கடன் என்பது நன்கொடை அன்று என்பதைக் கவனிக்குக. அதனைத் திருப்பிச் செலுத்துவது திறைசேரி. அதாவது கடையில் சவர்க்காரம் வாங்கும்போது வரி செலுத்தும் நீங்களும் நானுந்தான்.

அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரையின்படி பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாடு பாராளுமன்றத்துக்கே உரியது. அரசின் வருமானம் திரட்டு நிதியத்தில் சேரும். வெளிநாட்டுக் கடன் கிடைத்தாலும் அதனை அமைச்சு தன் விருப்பப்படி செலவிட முடியாது. ஆண்டுதோறும் ஒதுக்கீட்டுச் சட்டத்தின் மூலம் அனுமதி பெற வேண்டும். அமைச்சின் செயலாளர் பிரதம கணக்கீட்டு உத்தியோகத்தர் ஆவார். செலவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

நடைமுறைப்படுத்தல்

வேலையைச் செய்தது தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை. இது 1974 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட நியதிச்சட்டச் சபையாகும். ஆனால் அச்சபையால் தனித்து எதையும் முடிக்க முடியாது. குழாய் பதிக்க வீதியைத் தோண்ட வேண்டும். ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சீ, டீ தர வீதிகள் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. உங்கள் ஒழுங்கை மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ உரியது. ஒரே குழாய் மூன்று அதிகாரங்களின் நிலத்தினூடாகச் செல்கிறது. தோண்டிய வீதி மூடப்படாமற் கிடக்கும்போது ஒவ்வொரு அலுவலகமும் மற்றதைக் கைகாட்டுவது இதனாலேயே. இத்தகைய இழுபறியைத் தீர்க்கவே கருத்திட்ட வழிநடத்தற் குழுவும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவும் கூடுகின்றன. வழிநடத்தற் குழுவுக்குப் பொதுவாக அமைச்சின் செயலாளர் தலைமை வகிப்பார்.

இதைவிடப் பெரிய சிக்கல் நீர் எங்கிருந்து வருவது என்பதில் எழுந்தது. முதற் திட்டம் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவது. குளம் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் இருந்தது. குழாயோ மத்திய அரசின் சபைக்குரியது. நீரில் உரிமை கோரியவர்கள் கிளிநொச்சி விவசாயிகள். சிறுபோகத்துக்கே நீர் போதாது என அவர்கள் எதிர்த்தனர். 2013 செப்ரெம்பரில் வடமாகாண சபைத் தேர்தல் நடைபெற்ற பின்னர் இவ்விவாதம் சபைக்குள்ளும் வந்தது. கடன் கையில் இருந்தும் நீருக்கு இணக்கம் கிடைக்கவில்லை. என் பார்வையில் இக்கருத்திட்டத்தில் மாணவர் கற்க வேண்டிய இடம் இதுவே. நிதி அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்பதாற் பங்காளர் அனைவரும் சம்மதித்துவிட்டனர் என்று ஆகாது.

முடிவில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் மாற்றுவழி தெரிவுசெய்யப்பட்டது. இதற்காக 2017 இல் ஆசிய அபிவிருத்தி வங்கி மேலும் 12 கோடி டொலரை அங்கீகரித்தது. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. அங்கும் மீனவர்கள் தம் தொழில் பற்றிய அச்சத்தை வெளியிட்டனர். முதற் கடனிலிருந்து திறப்பு விழா வரை ஏறத்தாழ 14 ஆண்டுகள்.

கண்காணிப்பு

கடன் தந்த வங்கி தன் நிபந்தனைகள் பேணப்படுகின்றனவா எனப் பார்க்கும். அது தன் பணத்தின் பாதுகாப்பு. நம் சார்பான கண்காணிப்புக்கு ஈடாகாது. நமக்காகக் கணக்குப் பார்ப்பவர் கணக்காய்வாளர் தலைமை அதிபதி. இவர் அமைச்சரவைக்கு அன்றிப் பாராளுமன்றத்துக்கே அறிக்கை சமர்ப்பிப்பார். 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் அவரது அதிகாரங்களை விரிவாக்கியது.

அவ்வறிக்கைகளைப் பாராளுமன்றத்தின் இரு குழுக்கள் ஆராயும். மாணவர்கள் அதிகம் குழம்புமிடம் இது. அமைச்சுகள், திணைக்களங்கள், மாகாண சபைகள், உள்ளூராட்சி மன்றங்கள் ஆகியவற்றை அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு விசாரிக்கும். கூட்டுத்தாபனங்கள், நியதிச்சட்டச் சபைகள் ஆகியவற்றை 1979 இல் தோற்றுவிக்கப்பட்ட அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு விசாரிக்கும். ஆகவே ஒரே குழாய்த் திட்டத்துக்காக அமைச்சின் செயலாளர் முதற் குழுவின் முன்னும், நீர்வழங்கற் சபையின் தலைவர் இரண்டாவது குழுவின் முன்னும் அழைக்கப்படலாம்.

பொதுமக்களுக்கும் ஒரு வழி உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் உரிய நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். “எங்கள் ஒழுங்கைக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது?” என்று கேட்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை. ஆனால் சரியான நிறுவனத்திடம் கேட்க வேண்டும். மாநகர சபையின் வீதிக்கணக்கை நீர்வழங்கற் சபையிடம் கேட்டால் விடை வராது.

பயிற்சி வினா

உமது பிரதேசத்தில் நீர்க்குழாய் பதிப்பதற்காகத் தோண்டப்பட்ட உள்ளூராட்சி மன்ற வீதி ஆறு மாதங்களாகத் திருத்தப்படவில்லை.

(அ) இதனுடன் தொடர்புடைய இரு நிறுவனங்களைக் குறிப்பிடுக. (2 புள்ளிகள்)

(ஆ) அவற்றின் கணக்குகளை விசாரிக்கும் பாராளுமன்றக் குழுக்களை வெவ்வேறாகக் குறிப்பிடுக. (2 புள்ளிகள்)

(இ) பிரசை என்ற வகையில் நீர் எடுக்கக்கூடிய நடவடிக்கை ஒன்றை, எந்த நிறுவனத்திடம் என்பதையும் காட்டி விளக்குக. (3 புள்ளிகள்)

குறிப்பு: (இ) பகுதியில் “அரசாங்கத்திடம் முறையிடுவேன்” என எழுதினால் ஒரு புள்ளியும் கிடைக்காது.