எஞ்சின் மாறியது, பெயர் மாறவில்லை

கேள்வி: லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஓய்வு நேரத்தில் பழைய கார் வாங்கிச் சரிசெய்து விற்பேன். இது மூன்றாவது வண்டி. சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் 2009 மாடல் மாருதி 800 காரை 32,000 ரூபாய்க்கு வாங்கினேன். பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபார்ம்களில் கையெழுத்துப் போட்டு ஆர்சி புக்கையும் கொடுத்துவிட்டார். டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, வெள்ளை வண்டியைச் சிவப்பாக்கினேன். எஞ்சின் புகை தள்ளியதால், வண்டி உடைக்கும் கடையில் அதே மாடல் எஞ்சின் வாங்கி மாட்டினேன். செலவு 41,000. இந்த ஜனவரியில் 95,000 ரூபாய்க்கு விற்றேன். 60,000 கைக்கு வந்தது. மீதி 35,000 பெயர் மாறியதும் தருவதாகப் பேச்சு. ஆர்டிஓ ஆபீசில் எஞ்சின் நம்பர் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது வாங்கியவர் 60,000-ஐத் திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். என் 35,000-ஐ வழக்குப் போட்டு வாங்க முடியுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் இரண்டு பக்கம் பெயின்ட் வேலை. எத்தனை கோட் அடித்தீர்கள், கதவோரத் துருவை எப்படிச் சுரண்டினீர்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். வேலையில் குறையில்லை என்றே தெரிகிறது. ஆனால் நோட்டீஸ் வந்த தேதியைக் கடைசி வரியில்தான் எழுதியிருக்கிறீர்கள். பதினைந்து நாளில் பணம் தர வேண்டும் என்று கேட்ட நோட்டீஸ் அது. உங்கள் கடிதம் என் மேசைக்கு வரும்போது இருபத்து மூன்று நாள் ஆகிவிட்டது. பதில் தராததாலேயே வழக்கு தோற்றுவிடாது. ஆனால் "நோட்டீசைப் பெற்றும் மௌனமாக இருந்தார்" என்ற வரி எதிர்த்தரப்பு மனுவில் வரப்போவது நிச்சயம். அந்த வரியை அவர்களுக்கு நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

வழக்குப் போட முடியும். தேறுமா என்பதுதான் கேள்வி. மீதிப் பணம் பெயர் மாறியதும் தருவதாகப் பேச்சு என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். பெயர் மாறவில்லை. ஆகவே, உங்கள் வாய்மொழிப்படியே அந்த 35,000 இன்னும் கொடுக்க வேண்டிய தொகை ஆகவில்லை. பெயர் மாறாததற்குக் காரணம் வாங்கியவரா, நீங்களா என்பதில்தான் இந்த வழக்கு முழுவதும் இருக்கிறது. காரணம் நீங்கள்தான்.

காசு கொடுத்து வண்டியைப் பெற்றுக்கொண்டதால், ஆசிரியருக்கும் உங்களுக்கும் இடையே அது உங்கள் வண்டி. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் அந்த அளவுக்கு உங்கள் பக்கம் நிற்கும். மோட்டார் வாகனச் சட்டம், 1988 அப்படிப் பார்ப்பதில்லை. அதன் பிரிவு 2(30) படி பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பிரிவு 50 படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவித்திருக்க வேண்டும். நீங்கள் அந்த ஃபார்ம்களை ஏறத்தாழ ஒரு வருடம் பீரோவில் பூட்டி வைத்தீர்கள். "எப்படியும் விற்கப்போகிற வண்டி, இடையில் என் பெயர் எதற்கு?" என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய வண்டித் தொழிலில் இருக்கிற பாதிப் பேர் சொல்வது இதைத்தான். அந்தப் பாதிப் பேரில்தான் கோர்ட் வாசலில் நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

எஞ்சின் விஷயமும் இங்கேதான் வந்து சேர்கிறது. பதிவுச் சான்றில் எஞ்சின் எண், சேசிஸ் எண், நிறம் மூன்றும் இருக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் செய்வது எளிய வேலை. சேசிஸ் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார். எண் அச்சாக வரும். எஞ்சின் எண்ணைத் துடைத்துப் படித்து ஆர்சியோடு ஒப்பிடுவார். உங்கள் வண்டி அங்கேயே நின்றுவிட்டது. சிவப்பு நிறத்தைப் பற்றி அவர் பேசுவதற்கே தேவை வரவில்லை. எஞ்சினை மாற்ற முன்அனுமதி வேண்டும், மாற்றியதை 14 நாட்களுக்குள் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும் என்கிறது பிரிவு 52. அதைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியவர் உரிமையாளர். ஏட்டில் நீங்கள் யாருமில்லை. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தரும் பிரிவு 182ஏ(4)-உம் உரிமையாளரையே சுட்டுகிறது. காரை மறந்துவிட்டு வீட்டில் இருக்கிற ஆசிரியருக்கு நீங்கள் வைத்திருக்கும் வினை இது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வண்டி நாளைக்கே ஒருவர் மேல் மோதினால், நஷ்டஈட்டு வழக்கில் முதலில் தேடப்படுபவர் அந்த ஆசிரியர். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். அங்கே வண்டி பல கை மாறியிருந்தது, பதிவேட்டில் மட்டும் முதல் ஆள் பெயர். விபத்துக்கு அவரே பொறுப்பு என்றது தீர்ப்பு. உங்கள் ஆசிரியர் கட்டினாலும் பிறகு உங்களைத் தேடி வராமல் இருக்கமாட்டார்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது "எஞ்சினுக்குப் பில் வாங்கவில்லை, தெரிந்த கடைதான்" என்ற வரி. தெரிந்த கடை என்பது ஆவணம் ஆகாது. அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டி முறைப்படி பதிவு நீக்கப்பட்டதா, திருட்டு வண்டியா என்று காவல் நிலையத்தில் கேட்டால் என்ன காட்டுவீர்கள்? திருட்டுப் பொருளை வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 317-இல் வருகிறது. தெரிந்தே வாங்கினீர்கள் என்று அவர்கள் நிரூபிக்க வேண்டும் என்பது உண்மைதான். அதற்குமுன் எத்தனை நாள் நிலையத்துக்கு நடப்பீர்கள்? எஞ்சின் மாற்றியதை வாங்கியவரிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எழுத்தில் இல்லை. டெலிவரி நோட்டில் "வண்டி உள்ளது உள்ளபடி" என்று மட்டும் இருக்கிறது. சொல்லவே இல்லை என்று அவர் சாதித்தால், ஏமாற்றுதல் என்று பிரிவு 318-ஐயும் சேர்த்துக்கொள்வார். பழைய எஞ்சினையாவது வைத்திருந்தால் திரும்ப மாட்டி ஒரே நாளில் பிரச்சினையை முடித்திருக்கலாம். எடைக்குப் போட்டுவிட்டேன் என்கிறீர்கள். என்ன சொல்ல!

எஃப்சி (தகுதிச் சான்று) பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுதான் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2009 மாடலுக்கு அந்தக் கெடு 2024-ஓடு முடிந்துவிட்டது. புதுப்பிக்கப்பட்டதா என்று ஆர்சியை எடுத்துப் பாருங்கள். இன்சூரன்ஸ் யார் பெயரில், எந்தத் தேதி வரை என்பதையும் பாருங்கள்.

மூன்றாவது வண்டி என்கிறீர்கள். இதைத் தொழிலாகச் செய்வதானால் 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்களுக்கு ஆர்டிஓவின் அங்கீகாரம் தேவை. அப்படிப் பெற்றவருக்கு வண்டி ஒப்படைக்கப்பட்டதை 29சி ஃபார்மில் தெரிவித்துவிட்டால், டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். எஃப்சி, பெயர் மாற்றம் எல்லாவற்றுக்கும் அவரே விண்ணப்பிக்கலாம். வண்டியை ரிப்பேருக்கும் பெயின்ட்டுக்கும் ஓட்டிப் பார்ப்பதற்கும் மட்டும் எடுத்துச் செல்லலாம். உங்கள் மாதிரி ஆட்களுக்காகவே செய்த விதி. அதை விட்டுவிட்டு வெறும் கையெழுத்து ஃபார்மை நம்பியிருக்கிறீர்கள். தொழிலாகச் செய்தவர் என்று நிறுவினால் வாங்கியவர் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அதற்கு அவருக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

எனவே 35,000-க்கு வழக்கு வேண்டாம். பெயர் மாற்றம் முடியும் வரை வண்டியை ரோட்டில் எடுக்க வேண்டாம் என்று வாங்கியவருக்கு உங்கள் வழக்கறிஞர் மூலம் எழுத்தில் தெரிவியுங்கள். ஆசிரியரை நேரில் பார்த்து நடந்ததைச் சொல்லுங்கள். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு அடியும் நகராது. கடைக்காரரிடம் எஞ்சின் வந்த வண்டியின் ஆவணமும் பில்லும் கிடைத்தால், ஆசிரியர் பெயரில் எஞ்சின் மாற்றத்துக்கும் நிற மாற்றத்துக்கும் விண்ணப்பித்துப் பார்க்கலாம். அனுமதி தருவது அதிகாரியின் முடிவு, உறுதி சொல்ல முடியாது. பில் கிடைக்காவிட்டால் 60,000-ஐத் திருப்பிக் கொடுத்து, கையெழுத்திட்ட ரசீதோடு வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதே உங்களுக்கு மலிவான வழி. 41,000 செலவில் கொஞ்சம் போகும். போகட்டும்.

உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்ன பொதுவான கருத்து இது. ஆவணம் எதையும் நான் பார்க்கவில்லை. நோட்டீசின் அசல், அது வந்த கவர், டெலிவரி நோட், ஆர்சி, இன்சூரன்ஸ், பணம் வந்த வங்கிக் கணக்குப் பக்கம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே உங்கள் ஊர் வழக்கறிஞரை நேரில் பாருங்கள். சமரசம் பேச மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் அணுகலாம். அதுவரை வாங்கியவரிடம் போனில் பேசவும் வேண்டாம், வாட்ஸ்அப்பில் பதில் போடவும் வேண்டாம்.