முட்டைக் கட்டுக்கு மாறலாமா?

கேள்வி: என் எட்டு வயது மகன் போன வாரம் கொய்யா மரத்திலிருந்து விழுந்ததில், இடது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக் கட்டு போட்டிருக்கிறார்கள். அதைப் பிரித்துவிட்டு முட்டையும் மூங்கில் பத்தையும் வைத்து நாட்டுக் கட்டு போட்டால் சீக்கிரம் கூடிவிடும் என்கிறார் என் அத்தை. பிரண்டைத் துவையலும் ஆட்டுக்கால் சூப்பும் கொடுத்து வருகிறோம். என்ன செய்யட்டும்?
- வாசகி, பரமத்தி வேலூர்

பதில்: கட்டைப் பிரிக்காதீர்கள். அதற்காக அத்தையைக் கேலி செய்யவும் மாட்டேன். ஆந்திரத்துப் புத்தூருக்குக் கட்டுப் போட இன்றும் நம்மவர்கள் பஸ் ஏறுகிறார்கள். விலகாமல் விரிசல் மட்டும் விட்ட எலும்பு, யார் கட்டினாலும் அசையாமல் இருந்தால் கூடிவிடும். நாட்டு வைத்தியர்கள் பெயர் வாங்கியது பெரும்பாலும் அந்த மாதிரி முறிவுகளில்தான். முறிந்த இடத்தில் உறையும் ரத்தத்தில் தொடங்கி உடம்பே புது எலும்பைக் கட்டிக்கொள்கிறது. மாவானாலும் முட்டையானாலும் அதுவரை பிடித்துக்கொள்வதுதான் வேலை.

உங்கள் மகனுக்கு முறிந்திருப்பதோ வம்பான இடம். கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயும் நரம்புகளும் அந்த எலும்பை ஒட்டியே ஓடுகின்றன. வீக்கத்தின் மேல் பத்தை வைத்து இறுக்கினால் முன்கைத் தசைக்கு ரத்தம் போகாது. சில மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும். பிறகு விரல்கள் மடங்கியே நின்றுவிடும். ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மான் 1881-லேயே இறுக்கமான கட்டோடு தொடர்புபடுத்தி எழுதிய ஊனம் இது. மாவுக் கட்டு இறுகினாலும் இதே கதிதான். விரலை நீங்கள் நீட்டிவிடும்போது பையன் அலறினாலோ, விரல் மரத்தாலோ, வெளுத்தாலோ, மாத்திரைக்கு வலி அடங்காவிட்டாலோ நடுராத்திரி என்றாலும் கிளம்பிவிடுங்கள். நாடி துடிக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். தசை கெடும்போதும் நாடி துடிக்கும்.

"சின்னப் பையன்தானே, வளர வளர நேராகிவிடும்" என்றும் யாராவது சொல்வார்கள். முன்கை எலும்பென்றால் ஓரளவு சரி. மேல்கை எலும்பு சுமார் 80 சதவீதம் வளர்வது தோள்பட்டைப் பக்கம். முழங்கைப் பக்கம் 20 சதவீதம்தான் என்பதால் இங்கே கோணலாகக் கூடினால் கோணல் அப்படியே நின்றுவிடும். ஆகவே இந்த வாரமே இன்னொரு எக்ஸ்ரே எடுத்து, எலும்பு விலகியிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். விலகியிருந்தால் நேராக்கிச் சன்னக் கம்பி செருகுவார்கள். பெரும்பாலும் மூன்று, நான்கு வாரத்தில் எடுத்துவிடலாம்.

துவையல், சூப் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் சூப்பில் கால்சியம் கொஞ்சம்தான். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. முட்டை கோழிப்பண்ணை ஊரில் மலிவு, அதைப் பையன் சாப்பிடட்டும்.

இன்னொன்று. கட்டைப் பிரித்ததும் கை விறைத்திருக்கும். எண்ணெய் தடவி நீவிவிட ஆள் தேடாதீர்கள். முழங்கையை முரட்டுத்தனமாக நீவினால் தசைக்குள்ளேயே எலும்பு முளைத்து மூட்டு பூட்டிக்கொள்ளலாம். பையனே மடக்கி நீட்டிப் பழகட்டும், முழுசாக வரச் சில மாதம் பிடிக்கும்.